உம்மாவின் அலுமாரிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

(உயர்தரக் கலைப்பிரிவு மாணவி, சாவகச்சேரி)

ஒரு வீட்டில் யாருக்குக் கடைசியாக உடுப்பு வாங்குகிறார்கள் என்று கேட்டால், விடை சொல்ல யாரும் யோசிக்கமாட்டார்கள். உம்மாவுக்குத்தான். பெருநாளைக்கு முதலில் தம்பி தங்கைமாருக்கு, பிறகு எங்களுக்கு, அதற்குப் பிறகு வாப்பாவுக்கும் வாப்பும்மாவுக்கும். மிஞ்சினால் உம்மாவுக்கு. மிஞ்சாவிட்டால், “எனக்கு என்னத்துக்கு, போன பெருநாள் உடுப்பே புதுசாக் கிடக்குது” என்று ஒரு வசனம். இந்த வசனத்தை எங்கள் உம்மாமார் எல்லோரும் எந்தப் பாடசாலையில் படித்தார்களோ தெரியவில்லை, எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள். நாங்களும் அதைத் தியாகம் என்று புகழ்ந்து, அன்னையர் தினத்தன்று ஒரு கவிதை எழுதி, விடயத்தை முடித்துவிடுகிறோம்.

தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது வீட்டுக் கணக்கில் உள்ள ஓட்டையை மறைத்துவிடுகிறது என்பதே என் கருத்து. காலையில் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, தானும் வேலைக்குப் போய், பின்னேரம் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் பெற்றோர் கூட்டத்துக்கும் ஓடுகின்ற ஒரு தாய்க்கு, உடலுக்குப் பொருந்திய, பார்க்க நேர்த்தியான சில உடுப்புகள் இருப்பது வீட்டுத் தேவைகளில் ஒன்று. அரிசி, மின்கட்டணம், ரியூசன் காசு என்று எழுதுகின்ற அதே கொப்பியில் அதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரிக்குப் பெரிய தொகை தேவையில்லை. திட்டம் தேவை.

உடுப்பைப் பற்றி ஒரு கல்லூரிச் சஞ்சிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். வேறு ஊரில் இருந்தால் நானும் எழுதியிருக்கமாட்டேன். ஆனால் நான் சாவகச்சேரியில் இருந்து எழுதுகிறேன். ஒரு தாய் தன் அலுமாரியை ஒன்றுமில்லாமையிலிருந்து மறுபடி உருவாக்குவது என்றால் என்னவென்று இந்த ஊருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு பல ஊர்களுக்குத் தெரியாது.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, குடாநாட்டில் அது சாவகச்சேரியில்தான் தொடங்கியது. ஒக்டோபர் 15 இல் இங்கிருந்தவர்கள் போனார்கள். ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண நகரத்துச் சோனகத்தெரு மக்களுக்கு இரண்டே மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. வடக்கு முழுவதிலும் இருந்து சுமார் 75,000 பேர் இப்படிப் போனார்கள். கையில் சொற்பப் பணமும் மாற்றுடையும்தான். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையை மறுபடி தொடங்கினார்கள்.

சரியாக ஐந்து வருடத்துக்குப் பிறகு, 1995 இல், அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தார்கள். அவர்களும் உடுபுடவையை ஒரு பையில் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே இடிந்து, இங்கிருந்தவர்களும் பையைத் தூக்கினார்கள். ஆகவே இந்தச் சந்தையில் இன்று காய்கறி வாங்குகின்ற ஐம்பது வயது தாண்டிய எந்தப் பெண்ணை நிறுத்திக் கேட்டாலும், அவர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், ஒரு பையில் எதை வைப்பது, எதை விடுவது என்று ஒருமுறையாவது முடிவெடுத்தவராகவே இருப்பார்.

என் உம்மம்மா அவர்களில் ஒருவர். அப்பா, அதாவது உம்மம்மாவின் கணவர், தையற்காரர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களில் தையற்தொழில் செய்தவர்கள் நிறையப் பேர். ஊர் முழுவதற்கும் உடுப்புத் தைத்துக் கொடுத்த வீட்டில் உம்மம்மாவுக்கு இருபதுக்கு மேற்பட்ட சாறிகள் இருந்தனவாம். தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பையில் பிள்ளைகளின் உடுப்புகளை வைத்த பிறகு உம்மம்மாவுக்கு மிஞ்சிய இடத்தில் இரண்டு சாறிகள், ஒரு சட்டை, ஒரு உள்பாவாடை, ஒரு தொழுகைத் துணி. அவ்வளவுதான்.

அந்த இரண்டு சாறிகளிலிருந்து உம்மம்மா எப்படி மறுபடி உடுப்புச் சேர்த்தார் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. கற்பிட்டிப் பக்கத்தில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனபோது, முதல் காசில் தோட்டத்துக்குப் போட இரண்டு சீத்தைச் சட்டைகள். ஏனென்றால் கிழமையில் ஆறு நாளும் அதுதான் தேவை. இரண்டாவதாக ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் பிள்ளைகளின் பாடசாலைக்கும் போக ஒரு நல்ல வோயில் சாறி. “நாலு பேருக்கு முன்னால கையெழுத்து வைக்கப் போகேக்கை அகதி எண்டு முகத்தில எழுதி ஒட்டிக்கொண்டு போகக் கூடாது” என்பது அவருடைய வாதம். மூன்றாவது வருடத்தில்தான் பெருநாள் சாறி. அலுமாரி வாங்கியது அதற்கும் பிறகு.

இதில் உள்ள பாடம் என்னவென்றால், உம்மம்மா உடுப்பை எண்ணவில்லை, தன் நாட்களை எண்ணினார். என் கிழமை எப்படிப் போகிறது, அதில் எத்தனை நாள் எங்கே நிற்கிறேன் என்று பார்த்து, அதிக நாட்கள் நிற்கின்ற இடத்துக்கு முதல் காசைச் செலவழித்தார். நாங்கள் இன்று செய்வது இதற்கு நேர்மாறு. வருடத்தில் நாலு நாள் போடுகின்ற கலியாண உடுப்புக்கு முதலில் காசு ஒதுக்குகிறோம். முந்நூறு நாள் போடுகின்ற உடுப்புக்கு மிச்சக் காசு.

மேல்நாட்டில் இதையே ஒரு கலையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். லண்டனில் உடுப்புக்கடை நடத்திய சூசி ஃபோக்ஸ் என்ற பெண்மணி 1970களில் ‘கெப்ஸ்யூல் வோட்ரோப்’ என்ற எண்ணத்தைப் பரப்பினார். ஒன்றோடொன்று பொருந்துகின்ற சில நல்ல உடுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா நாளையும் சமாளிப்பதே அது. 1985 இல் அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் டோனா கரன், வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஏழு உடுப்புகளை மட்டும் மையமாக வைத்து ஒரு தொகுப்பையே வெளியிட்டுப் புகழ் பெற்றார். அதற்கும் முந்தி, இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் 1941 ஜூனில் உடுப்புக்குப் பங்கீடு வந்தது. முதல் வருடத்தில் ஒரு ஆளுக்கு 66 கூப்பன்கள். அந்தப் பங்கீடு 1949 வரை நீடித்தது. உள்ளதைத் தைத்துத் திருத்திப் போடுங்கள் என்று அரசாங்கமே கைந்நூல் அச்சிட்டுக் கொடுத்தது. பங்கீடும் கைந்நூலும் இல்லாமலே எங்கள் உம்மம்மாமார் அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தவர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காமல், பனம்பழத்தைப் பிசைந்து அதன் களியில் உடுப்புத் தோய்த்ததையும், அந்த வாசத்துக்குக் கொடியில் காய்ந்த சேலையை மாடு சப்பியதையும் இந்த ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். சிரிப்புக்குப் பின்னால் உள்ள கஷ்டத்தை நாங்கள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

சரி, அது போர்க்காலம். இப்போது என்ன பிரச்சினை?

2022 இல் நாங்கள் எல்லோரும் கண்ணால் கண்டதுதான். மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். பெறுமதி சேர் வரி 8 வீதத்திலிருந்து படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 வீதமாகியது. உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்புகின்ற நாடு எங்களுடையது. கிளிநொச்சியில் உள்ள தொழிற்சாலைகளில் மாத்திரம் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆனால் உள்ளூர்ப் புடவைக்கடைக்கு வருகின்ற துணியில் பெரும்பகுதி இறக்குமதிதான். டொலர் ஏறினால் துணியும் ஏறும். பணவீக்கம் பிறகு குறைந்தது உண்மை. ஆனால் பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏறிய விலை இறங்கி வரவில்லை.

அந்தக் காலத்தில் எல்லா வீடுகளிலும் முதலில் வெட்டப்பட்ட செலவு எது? பிள்ளைகளின் சீருடையை வெட்ட முடியாது. சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. நெருக்கடிக்குப் பிறகு சீனாவும் அதற்குத் துணி அன்பளிப்புச் செய்தது. உம்மாமாருக்குத் துணி கொடுக்க எந்த நாடும் முன்வரவில்லை, எங்கள் வீடுகளே முன்வரவில்லை. 2020 இலிருந்து தனக்கென்று ஒன்றும் வாங்காத தாய்மார் எத்தனை பேர் என்று உங்கள் வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள்.

அரச உத்தியோகத்தில் உள்ள தாய்மாருக்கு இது பகிரங்கப் பிரச்சினையாகவே வந்தது. ஒவ்வொரு நாளும் சாறி உடுத்துப் போவது கட்டுபடியாகாது என்ற நிலையில், 2022 இல் அரச அலுவலகங்களில் வேறு கண்ணியமான உடுப்பும் அணியலாம் என்று சுற்றறிக்கை வந்தது. அந்த வருடம் நவம்பரில் சில ஆசிரியைகள் சாறி அல்லாத உடையில் பாடசாலைக்கு வந்தபோது நாடு முழுவதும் விவாதம் நடந்தது. கல்வியமைச்சு சாறியையே வலியுறுத்தியது. யார் சரி என்பதை நான் இங்கே எழுத வரவில்லை. வேலைக்குப் போகும் தாயின் உடுப்புச் செலவு உண்மையான செலவு என்பதை அந்த விவாதம் நாட்டுக்கு நினைவூட்டியது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்து பேசுவதே என் நோக்கம்.

எங்கள் சமூகத்தில் இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. முந்தி எங்கள் உம்மம்மாமார் சாறி உடுத்து, அதன் முந்தானையாலேயே முக்காடு போட்டார்கள். அபாயா பரவலானது 1980களுக்குப் பிறகு. அபாயா ஒரு வேலைக்காரத் தாய்க்கு எவ்வளவு வசதி என்பதை நான் மறுக்கமாட்டேன். இரண்டு நிமிடத்தில் போட்டுக்கொண்டு ஓடலாம், மடிப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் “மேலே அபாயா போடுறதுதானே, உள்ளே என்ன கிடந்தாலென்ன” என்ற ஒரு பேச்சு எங்கள் வீடுகளில் இருக்கிறது. இந்தப் பேச்சினால்தான் பல உம்மாமாரின் அலுமாரி வெறுமையாகிறது. வெளியே ஒரு கறுப்பு அபாயா, உள்ளே கை கிழிந்த, நிறம் போன, அளவில்லாத சட்டை. கலியாண வீட்டில் பெண்கள் பகுதியில் எல்லோரும் அபாயாவைக் கழற்றும்போது, வெக்கைக்குள்ளும் கழற்றாமல் மூலையில் இருக்கின்ற உம்மாவை நீங்கள் கண்டதில்லையா? அவர் பேணுதலாக இருக்கிறார் என்று நாங்கள் நினைப்போம். சிலவேளை காரணம் அதுவல்ல.

இதைவிட எனக்கு மனதில் தைத்தது இன்னொரு விடயம். நன்றாகப் படிக்கின்ற ஒரு தோழியின் உம்மா எந்தப் பெற்றோர் கூட்டத்துக்கும் வருவதில்லை. நேரமில்லை என்று காரணம் சொல்லப்படும். ஒருநாள் தோழியே சொன்னாள்: “எங்கட உம்மாவிட்ட ஒரு அபாயாதான் இருக்குது. அதையும் எல்லாரும் கண்டிட்டாங்களாம்.” மகள் எந்தப் பாடத்தில் கெட்டிக்காரி, எதில் பின்தங்குகிறாள் என்று கேட்டறிய வேண்டிய தாய், ஒரு உடுப்பு இல்லாததால் வீட்டில் இருக்கிறார். இதை அலங்காரப் பிரச்சினை என்று யாராவது சொல்வார்களா?

மார்க்கம் எளிமையைத்தானே சொல்கிறது என்பார்கள். ஆம், எளிமையைச் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தைத்துப் போடுவது எங்களுக்கு வெட்கமல்ல, சுன்னத். ஆனால் அல்குர்ஆனில் அஃராப் அத்தியாயத்தில் வீண்விரயம் கூடாதென்று சொல்கின்ற அதே வசனம், அழகாக உடுத்திக்கொள்ளும்படியும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று எங்கள் ஊர்ப் பழமொழி சொல்வதும் அதுதான். கந்தையைக் கட்டச் சொல்லி அது சொல்லவில்லை, கட்டுவதைச் சுத்தமாகவும் ஒழுங்காகவும் கட்டச் சொல்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். என் உம்மா முன்பள்ளி ஆசிரியை. நாங்கள் நாலு பிள்ளைகள். சென்ற வருடம் உம்மாவும் ராத்தாவும் நானும் சேர்ந்து, உம்மம்மாவின் முறைப்படி, உம்மாவின் கிழமையை ஒரு கொப்பியில் எழுதினோம். ஐந்து நாள் முன்பள்ளி. அதில் நாலு நாள் சைக்கிளில், மழை நாளில் பஸ்ஸில். ஒவ்வொரு நாளும் சந்தை. கிழமையில் ஒருதரம் ஆஸ்பத்திரியோ வங்கியோ பிரதேச செயலகமோ. மாதத்தில் ஒரு விசேடம். மிச்ச நேரமெல்லாம் அடுப்படியும் தொழுகையும்.

பிறகு அலுமாரியை முழுவதும் கட்டிலில் கொட்டி மூன்றாகப் பிரித்தோம். அப்படியே போடக்கூடியவை, திருத்திப் போடக்கூடியவை, இனிப் போடவே முடியாதவை. இரண்டாவது குவியல்தான் பெரிதாக இருந்தது. அதுவே எங்களுக்குக் கிடைத்த முதல் இலாபம். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அளவு மாறியதால் ஒதுக்கி வைத்த சட்டைகளில் பலவற்றுக்கு உள்மடிப்பில் துணி இருந்தது. தையலைப் பிரித்து ஒரு அங்குலம் விட்டதும் பொருந்திவிட்டன. அதனால்தான் பழைய தையற்காரர்கள் ஓரத்தில் தாராளமாகத் துணி விட்டுத் தைத்தார்கள். கடையில் ஆயத்த உடுப்பு வாங்கும்போதும் உள்ளே திருப்பி, ஓரத்தில் துணி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. கிழிந்த இரண்டு சாறிகளின் நல்ல பகுதியில் உம்மாவுக்கு இரண்டு வீட்டுச் சட்டைகள் வந்தன. மூன்றாவது குவியல் தலையணை உறையாகவும் நிலம் துடைக்கும் துணியாகவும் போனது.

அதன்பிறகு பட்டியல் போட்டோம். வெளியே போக மூன்று அபாயாக்கள், அவற்றில் ஒன்று விசேடத்துக்கு. எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடிய ஐந்து ஹிஜாப். உள்ளே போட நாலு பருத்திச் சட்டையும் அவற்றோடு மாறி மாறிப் போடக்கூடிய மூன்று காற்சட்டையும். வீட்டுக்கு நாலு. தொழுகை உடை இரண்டு. சாறி இரண்டு. செருப்பு இரண்டு சோடி. இதில் ஏற்கனவே இருந்ததும் திருத்தியதும் போக வாங்க வேண்டியது கொஞ்சம்தான்.

அதற்கு மாதம் 1,500 ரூபா, வருடத்துக்கு 18,000 ரூபா என்று ஒதுக்கினோம். அபாயா ஒன்று 5,500. ஹிஜாப் இரண்டு 1,500. பருத்தித் துணி வாங்கித் தைத்த சட்டை இரண்டு, கூலியோடு 5,000. வீட்டுச் சட்டை இரண்டு 2,400. செருப்பு 2,000. சிப், பொத்தான், நூல், திருத்தக் கூலி 1,600. இது எங்கள் வீட்டுக் கணக்கு. கடைக்குக் கடை விலை மாறும், வீட்டுக்கு வீடு வசதி மாறும். 1,500 முடியாத வீட்டில் 500 ஒதுக்கலாம். தொகையைவிட, அது ஒவ்வொரு மாதமும் உம்மாவின் பெயரில் ஒதுங்குவதுதான் முக்கியம். சீட்டுக் கட்டுவது போல ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்தாலும் போதும். ஆனால் அந்தப் பேணியைக் கொப்பி வாங்கவும் காஸ் வாங்கவும் உடைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் பேணிக்குக் காவல் கடைசித் தம்பி. அவனிடமிருந்து உம்மாவே காசு எடுக்க முடியாது!

விலையை எப்படிப் பார்ப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 4,500 ரூபாவுக்கு ஒரு அபாயா வாங்கி, கிழமையில் மூன்று நாளாக இரண்டு வருடம் போட்டால், 312 தடவை. ஒரு தடவைக்கு 15 ரூபாவுக்கும் குறைவு. 12,000 ரூபாவுக்கு ஒரு சாறி வாங்கி நாலு கலியாணத்துக்கு உடுத்தால், ஒரு தடவைக்கு 3,000 ரூபா. கடைக்காரர் சொல்லும் விலை ஒன்று, நாங்கள் போடும் தடவையால் பிரித்து வரும் விலை இன்னொன்று. இரண்டாவதுதான் உண்மையான விலை. இதனால்தான் கலியாணங்களுக்குக் குடும்பப் பெண்கள் எல்லோரும் ஒரே நிறத்தில் புதிதாக எடுக்க வேண்டும் என்ற இப்போதைய பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். படத்தில் அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு படத்துக்காக ஒரு உம்மா ஒரு வருட உடுப்புக் காசைக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் பழைய சட்டையோடு வேலைக்குப் போகிறார். அழைப்பவர்கள் “இருக்கிறதில் நல்லதை உடுத்து வாங்கோ” என்று ஒரு வார்த்தை சொன்னால் எத்தனையோ வீடுகள் தப்பும்.

மலிவு என்பதற்காக அழகைக் கைவிடத் தேவையில்லை. நேர்த்தி என்பது பெரும்பாலும் அளவிலும் நிறத்திலும்தான் இருக்கிறது, விலையில் இல்லை. தோள் தையல் தோளில் நிற்க வேண்டும். நீளம் கணுக்காலோடு நிற்க வேண்டும். நிலத்தில் இழுபடுகின்ற அபாயா அழுக்காவது மட்டுமல்ல, சைக்கிள் சங்கிலியிலும் ஸ்கூட்டிச் சில்லிலும் அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. சைக்கிள் ஓடுகின்ற உம்மாவுக்கு அடியில் அகலம் அளவான வெட்டும், ஓரத்தைத் தூக்கிப் பூட்ட உள்ளே ஒரு சிறு பொத்தானும் வைத்துத் தைக்கலாம். கையில் பொத்தானோ இறப்பரோ இருந்தால் வுழூச் செய்வது இலகு. கைக்குழந்தை உள்ள தாய்க்கு முன்புறம் சிப் வேண்டும். பக்கத்தில் ஒரு பொக்கற், திறப்பும் போனும் வைக்க. இவை எல்லாம் கடையில் தொங்குகின்ற அபாயாவில் ஒன்றாகக் கிடைக்காது, ஊர்த் தையற்காரியிடம் கிடைக்கும். அந்தக் காசும் ஊரிலுள்ள இன்னொரு உம்மாவின் கைக்குத்தான் போகும்.

நிறத்துக்கு ஒரு எளிய வழி, கறுப்பு, கடும் நீலம், மண்ணிறம் போன்ற இரண்டு மூன்று அடிநிறங்களோடு நின்றுகொண்டு, ஹிஜாபில் மட்டும் விருப்பமான நிறங்களைச் சேர்ப்பது. அப்போது ஐந்து ஹிஜாபும் மூன்று அபாயாவும் பதினைந்து விதமாக வரும். ஒவ்வொரு நாளும் வேறு உடுப்பு என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள். காலையில் எதைப் போடுவது என்று தேடுகின்ற நேரமும் மிச்சம்.

வாங்கியதைக் காப்பதும் கணக்கில் சேரும். எங்கள் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவதால் வன்னீர். சவர்க்காரம் நன்றாக நுரைக்காது, கறுப்பு உடுப்பில் வெள்ளைப் படிவு விழும். கடைசி அலசலில் கொஞ்சம் வினாகிரி சேர்த்தால் அந்தப் படிவு நீங்கும். கடும் நிறங்களை உட்புறம் வெளியே திருப்பி நிழலில் காயப்போட வேண்டும். வெக்கை நாளில் உடலோடு ஒட்டியிருப்பது பருத்தியாக இருந்தால் வியர்வையை அது உறிஞ்சும், மேலே உள்ள அபாயாவை ஒவ்வொரு நாளும் தோய்க்கத் தேவையில்லை. உள்ளே என்ன கிடந்தாலென்ன என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு பதில்.

இதற்கெல்லாம் உம்மாவுக்கு எங்கே நேரம் என்று கேட்பீர்கள். அதுதான் கேள்வி. உம்மாவின் அலுமாரியை உம்மாவே ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மனைப்பொருளியல் பாடத்தில் ஓரம் மடித்துத் தைக்கவும் பொத்தான் துளை கட்டவும் படித்து, பரீட்சையில் புள்ளியும் எடுத்த மகள்மார் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறோம். ஒரு விடுமுறை நாளில் மூன்று மணித்தியாலம் போதும். வாப்பாமாரும் நானாமாரும் தங்கள் சேட்டைத் தாங்களே மினுக்கிக்கொண்டால் இன்னும் ஒரு மணித்தியாலம் கிடைக்கும்.

பெற்றோருக்கும் என் சக மாணவிகளுக்கும் இரண்டு வேண்டுகோள்களை வைத்து முடிக்கிறேன்.

ஒன்று, வரும் நோன்புப் பெருநாளைக்கு உடுப்புப் பட்டியல் எழுதும்போது வரிசையைத் தலைகீழாக எழுதிப் பாருங்கள். முதல் வரியில் உம்மாவின் பெயர். அவருக்கு வாங்கிய பிறகு மிஞ்சுவதை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். எங்களில் யாரும் ஒரு உடுப்புக் குறைவதால் பெருநாள் தொழுகையைத் தவறவிடப் போவதில்லை.

இரண்டு, கல்லூரியில் பெற்றோர் கூட்டம் நடக்கும் நாட்களில், மனைப்பொருளியல் மாணவிகள் நாங்கள் ஒரு தையல் மேசை போடுகிறோம். சிப் மாற்ற, ஓரம் மடிக்க, அளவு விட உடுப்பைக் கொண்டுவாருங்கள், கூலி வேண்டாம். அதன் பக்கத்திலேயே நல்ல நிலையில் உள்ள அபாயாவையும் விசேட உடுப்பையும் மாற்றிக்கொள்ள ஒரு மேசை. வைப்பவர் எடுக்கலாம், எடுப்பவர் யார் என்று எவரும் எழுதி வைக்கத் தேவையில்லை. அதிபரும் ஆசிரியைகளும் அனுமதித்தால் அடுத்த தவணையிலேயே இதைத் தொடங்கலாம். இன்ஷா அல்லாஹ், உடுப்பு இல்லை என்பதற்காக எந்த உம்மாவும் கூட்டத்துக்கு வராமல் இருக்கின்ற நிலை எங்கள் கல்லூரியிலாவது இருக்கக் கூடாது.